ஒளிராத ஐந்து குப்பிகள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் ராஜினி. விந்தணு ஆய்வாளர். இரண்டு நாளாகத் தூங்காதவள்.

ஜெயந்திரன். ஆய்வகத்தின் தலைவர். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். ராஜினியின் ஆய்வு அறையை நோயாளிகள் காத்திருக்கும் கூடமாக மாற்ற வேண்டுமென்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

குணபூசணி. நெறிமுறைக் குழுவின் செயலாளர். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்.

கன்னையா. கொடையாளர்களின் வீட்டுக்குப் போய் மாதிரிக் குப்பிகளை வாங்கி வரும் ஊழியர். தேநீரும் அவர்தான் கொண்டுவந்தார்.

உஷாராணி. விநாயகமூர்த்தியின் உதவியாளர். கார் அவளுடையது, வாயும் அவளுடையது.

விநாயகமூர்த்தி. துப்பறிபவர், வயது ஐம்பத்தேழு. கீழே வருகைப் பதிவேட்டில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, யோசித்து, எதுவும் எழுதாமல் மேலே வந்தவர்.

பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. பூக்கடைகளின் பாட்டுச் சத்தம் கண்ணாடியைத் தாண்டி மங்கலாகக் கேட்டது. ராஜினிதான் விநாயகமூர்த்தியை வரச் சொல்லியிருந்தாள்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க டாக்டர்," என்றார் அவர்.

ராஜினி திரையில் ஒரு காட்சியை ஓட்டினாள். சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கான விந்தணுக்கள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"முட்டைக்குப் பக்கத்துல போனதும் இதுங்க வால்ல ஒரு சின்ன மடை மாதிரி ஒண்ணு திறக்கும். வெளியில இருக்கிற கால்சியம் உள்ள பாயும். உடனே வால் சாட்டை மாதிரி ஓங்கி அடிக்கும். அந்த அடி இல்லன்னா முட்டையோட உறையைத் துளைக்க முடியாது."

"திறக்கச் சொல்றது யாரு?"

"முட்டையைச் சுத்தி இருக்கிற செல்லுங்க விடுற ஹார்மோன், புரோஜெஸ்டிரோன். இங்க நாங்களே அதை ஒரு சொட்டு விடுவோம். கால்சியம் பட்டா பச்சையா ஒளிர்ற சாயத்தை முன்கூட்டியே ஏத்தி வச்சிருப்போம். இப்பப் பாருங்க."

சொட்டு விழுந்தது. சாம்பல் நிறம் முழுவதும் ஒரே நொடியில் பச்சையாக எரிந்தது.

"கரண்டு போயி வந்த தாமான் வீடுங்க மாதிரி இருக்கு," என்றாள் உஷா.

ராஜினி சிரிக்கவில்லை. பிள்ளையில்லாத கணவர்களின் மாதிரிகளை, பிள்ளை பெற்ற ஆண்களின் மாதிரிகளோடு ஒப்பிடுவதுதான் அவள் ஆய்வு. ஒப்பிடுவதற்கு ஐந்து தகப்பன்களைக் கன்னையா பிடித்துக் கொடுத்திருந்தார். நவம்பரில் அந்த ஐவரின் மாதிரிகளும் ஒளிர்ந்தன. ஜனவரியில் அதே ஐவர் மறுபடி கொடுத்தார்கள். ஒன்றுகூட ஒளிரவில்லை.

"சாயம் கெட்டுப்போயிருக்குமோ?" என்றார் விநாயகமூர்த்தி.

"அந்தந்த நாள்லயே, அதே சாயம். நோயாளிங்களோட மாதிரி எல்லாம் நல்லா ஒளிர்ந்துச்சு. அதோட, கடைசியில வேற ஒரு மருந்து விடுவோம். மடை இருந்தாலும் இல்லாட்டியும் அது கால்சியத்தை உள்ள தள்ளிடும். அப்ப இந்த அஞ்சும் ஒளிர்ந்துச்சு."

"அப்ப பல்பு நல்லா இருக்கு. சுவிச்சுதான் இல்ல," என்றாள் உஷா.

"அதேதான். ஆனா அப்படிப்பட்ட ஆம்பளைங்க ரொம்ப அபூர்வம். எண்ணிக்கை, வேகம் எல்லாம் சரியா இருக்கும். சாதாரண ரிப்போர்ட்ல 'நார்மல்'னுதான் வரும். இயற்கையா பிள்ளை மட்டும் பிறக்காது. இவங்க அஞ்சு பேரும் தகப்பனுங்க."

ஜெயந்திரன் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நவம்பர்ல ஒளிருது, ஜனவரியில ஒளிரல. ஒரு மனுசன் உடம்புல அப்படி மாறாது. ரெண்டுல ஒண்ணு இட்டுக்கட்டினது. நான் சொல்லல, எல்லாரும் சொல்லுவாங்க."

"மூண்டு மணிக்குக் குழு கூடுது," என்றார் குணபூசணி. "அதுக்குள்ள காரணம் தெரியாட்டி ஆய்வை நிப்பாட்டி மேல அறிக்கை அனுப்ப வேண்டித்தான் வரும். பிறகு இவ எந்த ஆய்வகத்திலயும் வேலை செய்யேலாது. எனக்கும் விருப்பமில்ல. ஆனா விதி விதிதானே."

ராஜினி கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகப் பேச அந்த அறையில் யாரும் இல்லை.

குழுவின் அனுமதிக் கடிதத்தோடு ஐந்து கொடையாளர்களின் விவரம் நிரப்பிய பாரங்களை குணபூசணி விநாயகமூர்த்தியிடம் கொடுத்தார். முதல் பாரம் ராஜன், மேரு என்ற ஊர். மற்றவர்கள் ஷா ஆலம், செராஸ், கிள்ளான். கன்னையா கோப்பைகளை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

மேருவில் ராஜனுக்கு லோரி டயர் கடை. தலையில் முடி ஒரு விரற்கடை அளவுக்குத்தான் முளைத்திருந்தது. மடிந்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"எந்த டயர் பாஸ்?"

"டயர் இல்ல. நீங்க கொடுத்த போத்தல்," என்றாள் உஷா.

ராஜன் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். மனைவி உள்ளே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் இருவரையும் டயர் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"அது ரகசியம்னு சொன்னாங்களே."

"ரகசியந்தான். நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கறேன்."

விநாயகமூர்த்தி கடிதத்தைக் காட்டினார். "நவம்பர்ல கொடுத்தீங்க. சரியா?"

"கொடுத்தேன். கன்னையா அண்ணன் வீட்டுக்கே மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. போத்தலைச் சட்டைக்குள்ள, நெஞ்சோட ஒட்டி வச்சுக்கிட்டுப் போனாரு. சூடு குறையக் கூடாதாம்."

"ஜனவரி இருபதாம் தேதி?"

"என்ன ஜனவரி?"

"உங்க பேர்ல ஒரு போத்தல் வந்திருக்கு."

ராஜன் சுவரைக் கைகாட்டினார். அங்கே இந்த வருடத் தைப்பூசத்தில் எடுத்து, சட்டம் போட்ட ஒரு படம். மஞ்சள் வேட்டி கட்டிய ஏழு பேர் பத்துமலைப் படிக்கட்டுக்கு முன்னால், கன்னத்தில் வேல், தோளில் காவடி. விநாயகமூர்த்தி கையிலிருந்த பாரங்களைப் புரட்டினார். படத்துக்குக் கீழே எழுதியிருந்த பெயர்களில் ஐந்து அந்தப் பாரங்களில் இருந்தன.

"நாப்பத்தெட்டு நாள் விரதம் பாஸ். டிசம்பர்லயே ஆரம்பிச்சாச்சு. பொண்டாட்டி படுக்கிற அறைப்பக்கம்கூடப் போகல, ஹால்ல பாய் போட்டுப் படுத்தேன். வேல் குத்தப் போறவன் உக்காந்து போத்தல்ல..." அவர் மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"அவருக்குக் கேக்காது, சொல்லுங்க," என்றாள் உஷா.

"சும்மா இரு லா அக்கா. கன்னையா அண்ணன் கேட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன். எங்க குழுவுல கேட்ட அஞ்சு பேரும் அதே பதில்தான் சொன்னோம்."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"அவரா? அவருக்குத் தெரியாத விரதமா. ஒன்பது வருசம் எங்க கூட காவடி எடுத்தவரு. அப்புறம் விட்டுட்டாரு."

"என்ன வேண்டுதல்?"

"அதையெல்லாம் கேக்க மாட்டோம் பாஸ்."

காருக்குத் திரும்பும்போது மணி பதினொன்றரை. உஷா தன் மைவி காரைக் கிளப்பினாள். பெடரல் நெடுஞ்சாலையில் ஏறிய ஐந்தாம் நிமிடம் எல்லா வண்டிகளும் நின்றன.

"முடிஞ்சது கேஸ்," என்றாள் அவள். "ஜெயந்திரனுக்கு அந்த அறை வேணும். கன்னையாவைக் கூப்பிட்டு, போத்தல்ல கண்டதை ஊத்திக் கொண்டுவான்னு சொல்லியிருப்பாரு. ஆய்வு நாசம், அறை காலி. வேற யாருக்கு லாபம்?"

"பாரத்தைப் படிச்சியா?"

"வண்டி ஓட்டறேன் பாஸ்."

"வண்டி எங்க ஓடுது?"

அவள் பாரங்களை ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் பார்த்தாள். மாதிரி எடுத்த நேரம், ஆய்வகத்துக்கு வந்த நேரம் என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் கன்னையாவின் கையெழுத்து. நவம்பரில் மேருவிலிருந்து ஐம்பத்திரண்டு நிமிடம். ஷா ஆலத்திலிருந்து நாற்பத்தொன்று.

"ஜனவரியைப் பாரு."

"மேரு, எட்டு நிமிசம். காலையில ஒன்பது மணிக்கு." அவள் முன்னால் நின்ற லோரியைப் பார்த்தாள். "பறந்து வந்தாரா? ஷா ஆலம், ஏழு. செராஸ், ஒன்பது. இதை யாருமே பாக்கலியா?"

"ஒரு மணி நேரத்தைத் தாண்டினா மட்டுந்தான் பாப்பாங்களாம்."

"அப்ப போத்தல் மூணாவது மாடியிலயே நிரம்பியிருக்கு. சரி. மொக்கையா பொய் எழுதியிருக்காரு."

"பொய் எழுதறவன் ஐம்பதுன்னு எழுதியிருப்பான். யாருக்கும் சந்தேகம் வராது. இவர் பேர் விசயத்துல பொய் சொல்லியிருக்கார், நேரத்துல சொல்லல. ஏன்?"

உஷா யோசித்தாள். லோரி இரண்டடி நகர்ந்தது.

"கெடுக்கணும்னு நினைக்கிறவனுக்கு நேரம் எப்படி இருந்தா என்ன?" என்றார் விநாயகமூர்த்தி. "நேரத்தை ஒழுங்கா எழுதினவனுக்குச் சோதனை சரியா நடக்கணும். அவனுக்கு முடிவு தெரியணும். அதோட, ஜெயந்திரன்கிட்ட மூணு பிள்ளைங்க இருக்கு. இந்தப் போத்தல்களைக் கொடுத்தவனுக்குப் பிள்ளை இருக்க முடியாது. அவ்வளவு அபூர்வமான குறை அஞ்சு பேருக்கு வராது. அஞ்சும் ஒரே ஆளு."

உஷா பாரங்களை மடித்து அவரிடம் கொடுத்தாள். விநாயகமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொரு காரிலும் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து முன்னால் வெறித்துக்கொண்டிருந்தான். காரில் இந்தப் பெண் இல்லாவிட்டால் தானும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும். ஆறு மணிக்கு அவள் அவரை இறக்கிவிட்டுப் போனால், மறுநாள் காலைவரை அவர் குரலை அவரே கேட்கமாட்டார்.

கன்னையா ஆய்வகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்தபடி மடியில் இருந்தது. சாப்பிடவில்லை. மணி ஒன்றே கால்.

"ராஜன் போன் பண்ணினான்," என்றார்.

"ஓடியிருக்கலாமே அண்ணே," என்றாள் உஷா.

"எங்கம்மா ஓடறது. செராஸ்ல ஒரு ரூம். அங்கதான் போவேன்."

விநாயகமூர்த்தி இரண்டு படி கீழே உட்கார்ந்தார். "எட்டு நிமிசம்னு ஏன் எழுதினீங்க?"

"உண்மையா எட்டு நிமிசந்தான் சார். மாத்தி எழுதினா டாக்டர் கணக்கு தப்பாயிடுமே." வேலை விதியை விளக்குவதுபோலச் சொன்னார்.

"உங்க பேர்லயே கொடுத்திருக்கலாம்."

"பாரத்துல மனைவி கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு. மாதவி பொறந்த வீட்டுக்குப் போயி பத்து வருசம் ஆகுது."

பொட்டலத்தை மடித்து ரப்பரை மாட்டினார்.

"மூணு கிளினிக் பாத்தோம். எனக்கு நார்மல். அவளுக்கும் ஒரு குறையும் இல்லன்னுதான் சொன்னாங்க. ரெண்டு பேர்லயும் குறை இல்லன்னா, பொம்பளை பேர்லதான் எழுதுவாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தான் எழுதினாங்க. நான் ரிப்போர்ட்டை மடிச்சு பர்ஸ்ல வச்சிருந்தேன், யாரு கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். ஒன்பது வருசம் காவடி எடுத்தேன். அதுக்கப்புறம் கிள்ளான்ல அவ அண்ணன் வீட்டுல நானே கொண்டுபோய் விட்டேன். பெட்டியை நான்தான் தூக்கினேன்."

கீழே சந்தில் யாரோ கேஸ் சிலிண்டர் உருட்டிக்கொண்டு போனார்கள்.

"போன வருசம் டாக்டர் ஒரு புருசன் பொண்டாட்டிக்கு இந்த மடை விசயத்தை விளக்கிட்டு இருந்தாங்க. நான் தரை தொடைச்சிட்டு இருந்தேன். ரிப்போர்ட் நார்மலா இருந்தாலும் ஆம்பளைகிட்ட குறை இருக்கலாம்னு அன்னைக்குத்தான் கேட்டேன். அப்புறம் தைப்பூச மாசம், ராஜன் செட்டு முடியாதுன்னுட்டாங்க. குப்பி காலியா கையில இருந்துச்சு."

"ஒரு தடவை போதாதா? எதுக்கு அஞ்சு?" உஷாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"முதல் தடவை டாக்டர் ஏதோ தப்பா ஊத்திட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை நான் சரியா தூங்கலன்னு நினைச்சேன். எப்பவும் பின்னால நின்னு திரையைப் பாத்துட்டே இருப்பேன். ஒளிரவே இல்ல."

"அஞ்சாவது தடவை?"

"அன்னைக்குத் திரையைப் பாக்கல சார். டாக்டர் முகத்தைப் பாத்தேன்."

விநாயகமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு அவங்க வேலை போகுது கன்னையா."

"எழுதித் தர்றேன். நீங்களே படிச்சிடுங்க."

"எழுத்தை நம்பமாட்டாங்க. டாக்டர் எழுதி வாங்கினதா சொல்லுவாங்க. ஆறாவது குப்பி வேணும். உங்க பேர்ல, அவங்க கண்ணு முன்னாடி."

கன்னையா தலை நிமிர்ந்தார். "அத்தனை பேரும் திரையைப் பாப்பாங்களா?"

"பாப்பாங்க."

அவர் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தார்.

ராஜினி முழுவதையும் கேட்டாள். கோபப்பட்டாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "இவரோட மாதிரி மட்டும் போதாது," என்றாள். "பக்கத்துல ஒளிர்ற ஒண்ணும் இருக்கணும். பிள்ளை பெத்த ஒரு ஆளு, இப்பவே."

உஷா மெதுவாக ஜெயந்திரன் பக்கம் திரும்பினாள். "மூணு பிள்ளைங்க. இந்தக் கட்டடத்துலயே உங்களைவிடத் தகுதியான ஆளு யாரு பாஸ்?"

"என்ன பேச்சு இது?"

"மாட்டேன்னு சொன்னா சொல்லுங்க. செயலாளர் அம்மா குறிச்சுக்குவாங்க."

குணபூசணி பேனா மூடியைத் திறந்தார். ஜெயந்திரன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், நடைபாதைக் கடைசியில் இருந்த அறைக்குப் போனார்.

கன்னையாவின் பாரத்தை குணபூசணியே நிரப்பினார். மனைவி கையெழுத்து என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றது. "முப்பத்திரண்டு வருசம் நான் ஒரு கட்டத்தையும் காலியா விட்டதில்ல," என்றார். பிறகு அந்த வரியை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

சோதனைக்கு நேரம் பிடித்தது. குழுவில் நான்கு பேர் வந்து உட்கார்ந்து இரண்டு சுற்றுத் தேநீர் குடித்தார்கள். தேநீரை உஷா போட்டாள், யாருக்கும் பிடிக்கவில்லை. ஐந்து மணிக்குத் திரை விழித்தது. இடப்பக்கம் ஜெயந்திரன், வலப்பக்கம் கன்னையா. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் நீந்தின. வலப்பக்கம் எண்ணிக்கை கூடுதலாகவே இருந்தது.

ராஜினி சொட்டை விட்டாள்.

இடப்பக்கம் பச்சையாக எரிந்தது. வலப்பக்கம் எதுவும் நடக்கவில்லை. கன்னையா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை திரையைத்தான் பார்த்தார். கடைசி மருந்தை விட்டபோது வலப்பக்கமும் எரிந்தது. ஜனவரியின் ஐந்து வரைபடங்களையும் ராஜினி பக்கத்தில் வைத்தாள். ஆறும் ஒன்றுபோல இருந்தன.

குழு பத்து நிமிடத்தில் முடிவு செய்தது. நவம்பர் எண்கள் சரி, சோதனை சரி, ஆய்வு தொடரும். பொய்ப் பெயரில் மாதிரி கொடுத்த ஊழியர் இன்றே நீங்க வேண்டும். ஜெயந்திரன் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். மற்றவர்களும் போனார்கள்.

கன்னையா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "டாக்டர், உங்களை இழுத்து விட்டுட்டேன்."

"முதல் நாளே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் அண்ணே."

"ஒண்ணு கேக்கணும். இதுக்கு மருந்து இருக்கா?"

ராஜினி விநாயகமூர்த்தியைப் பார்த்தாள். அவர் உதவவில்லை.

"மடையைத் திறக்க மருந்து இல்ல," என்றாள். "ஆனா ஒரே ஒரு விந்தணுவை எடுத்து ஊசியால முட்டைக்குள்ளயே வச்சிடலாம். அப்ப அது உறையைத் துளைக்கவே வேண்டியதில்ல. நிறைய பேருக்குப் பிள்ளை பிறந்திருக்கு."

"எப்ப வந்துச்சு அந்த ஊசி?"

"ரொம்ப வருசமா இருக்கு."

"நாங்க சேர்ந்து இருந்தப்ப?"

"இருந்துச்சு அண்ணே."

கன்னையா தலையை ஆட்டினார். வேலை சொன்னால் ஆட்டுவாரே, அதே மாதிரி. மேசை மேலிருந்த மோட்டார் தொப்பியை எடுத்தார், பிறகு அந்த மோட்டார் ஆய்வகத்துடையது என்று நினைவு வந்து திரும்ப வைத்தார்.

"செராஸ்தானே, நான் இறக்கி விடறேன்," என்றாள் உஷா.

"இல்லம்மா. கிள்ளானுக்குப் போறேன். கோமுட்டர் ரயில் இருக்கு."

"அவங்க உங்களை உள்ள விடலன்னா?" என்று கேட்டார் விநாயகமூர்த்தி.

"குறை எங்கிட்டதான்னு வெளியில நின்னு சொல்லிட்டு வர்றேன் சார். அக்கம்பக்கத்துக்குக் கேக்கற மாதிரி."

அட்டை இல்லாமல் அவரால் வெளியே போக முடியாது. ராஜினி கூடவே நடந்து போய்த் தன் அட்டையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் மாடிப்படிக்கு வந்து ஒரு கணம் நின்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு இறங்கினார். காலடிச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டியிருந்தது. அவள் கதவைச் சாத்தி, மேல்தாழையும் கீழ்த்தாழையும் போட்டுப் பூட்டினாள்.